எலும்பு ஊசி வாங்குமுன் வாயைத் திறந்து பாருங்கள்: ஜோலெட்ரானிக் ஆசிட், டெனோசுமாப் மதிப்புரை

புற்றுநோய் வார்டுகளில் 'எலும்பு ஊசி' என்ற ஒரே பெயரில் இரண்டு மருந்துகள் புழங்குகின்றன. ஒன்று ஜோலெட்ரானிக் ஆசிட் 4 மி.கி., நரம்பு வழியாக டிரிப்ஸில் ஏற்றுவது. ஸோமெட்டா என்ற பெயரில் நோவார்டிஸ் கொண்டுவந்தது; இப்போது பல கம்பெனிகள் தயாரிக்கின்றன. இன்னொன்று டெனோசுமாப் 120 மி.கி., தோலுக்கடியில் குத்துவது. ஆம்ஜென் கம்பெனியின் எக்ஸ்ஜீவா என்ற பெயரில் 2010 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2024 மார்ச்சில் அங்கே அதன் முதல் நகல் மருந்துக்கும் அனுமதி கிடைத்தது. மார்பகம், புராஸ்டேட், நுரையீரல் என்று எங்கோ தொடங்கி எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கும், எலும்பு மஜ்ஜையில் தொடங்கும் மல்டிபிள் மைலோமா புற்றுநோய்க்கும் இவற்றை எழுதுகிறார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். எலும்பு முறியாமல் பார்த்துக்கொள்ளும் வேலையில் இரண்டும் தேறியவை. தாடை எலும்பு பட்டுப்போவது இரண்டுக்கும் பொதுவான குறை. இதை விட்டு அதற்கு மாறினால் தாடை தப்பிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தாடையைக் காப்பாற்றுபவை வேறு இரண்டு விஷயங்கள்: முதல் ஊசிக்கு முன் வாய் எந்த நிலையில் இருந்தது, எத்தனை வாரத்துக்கு ஒருமுறை ஊசி போடப்படுகிறது. இந்த இரண்டையும் கேட்காமல் எழுதப்படும் சீட்டுதான் எங்கள் குறைப்பட்டியலில் முதலிடம்.

பெட்டியில் கவனிக்க வேண்டியது

இரண்டு மருந்துகளுமே இரண்டு அளவுகளில் விற்பனையாகின்றன. குழப்பம் அங்கேயே தொடங்குகிறது. ஜோலெட்ரானிக் ஆசிட் 5 மி.கி., 100 மி.லி. பாட்டிலில் கலந்தே வருவது, எலும்புத் தேய்மானத்துக்கு வருடம் ஒருமுறை ஏற்றுவது. புற்றுநோய்க்கானது 4 மி.கி. டெனோசுமாபில் 60 மி.கி. சிரிஞ்சு தேய்மானத்துக்கு, 6 மாதத்துக்கு ஒருமுறை. புற்றுநோய்க்கானது 120 மி.கி., 1.7 மி.லி. குப்பியில் வரும், 4 வாரத்துக்கு ஒருமுறை. இப்படிப் பார்த்தால் புற்றுநோயாளிக்கு வருடத்தில் போகும் டெனோசுமாப், தேய்மான நோயாளிக்குப் போவதைப் போல சுமார் 13 மடங்கு. தாடைப் பிரச்சினை தேய்மானக்காரர்களுக்கு ஆயிரத்தில் ஒருவர், பத்தாயிரத்தில் சிலர் என்ற கணக்கிலும், புற்றுநோயாளிகளுக்கு நூற்றில் சிலர் என்ற கணக்கிலும் வருவதற்கு இந்த அளவு வித்தியாசம் ஒரு முக்கியக் காரணம். 'பக்கத்து வீட்டு அம்மாவும் இதே ஊசிதான் போடுகிறார், ஒன்றும் ஆகவில்லையே' என்பது அதனால் ஒப்பீடாகாது.

ஏற்கெனவே தேய்மானத்துக்காக 6 மாத ஊசி போட்டுவருபவர் அதைப் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். பெயர் வேறு, மருந்து ஒன்று. இரண்டையும் சேர்த்துப் போடக்கூடாது.

கொடுக்கும் பலன்

எலும்புக்குப் பரவிய கட்டி, பழைய எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களைத் தூண்டிவிடுகிறது. எலும்பு உளுத்து, தும்மினால்கூட விலா முறிகிறது. முதுகெலும்பு நசுங்கித் தண்டுவடத்தை அழுத்துகிறது. இந்த ஊசிகள் அரிக்கும் செல்களை அடக்குகின்றன. முறிவு, எலும்புக்குக் கதிர்வீச்சு, எலும்பு அறுவை, தண்டுவட நசுக்கம் ஆகிய நான்கையும் தள்ளிப்போடுவதுதான் வேலை. கட்டியைக் கரைக்கும் மருந்து என்று நினைத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது கீமோவின் வேலை, ஹார்மோன் மருந்தின் வேலை.

இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்ட மூன்று பெரிய ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, மொத்தம் 5,723 நோயாளிகளில், முதல் எலும்புச் சேதம் வரும்வரை போன காலம் ஜோலெட்ரானிக் ஆசிடில் 19.4 மாதம், டெனோசுமாபில் 27.6 மாதம். 8 மாத வித்தியாசம் சாதாரணமில்லை. டெனோசுமாபுக்கு இதில் முழு மதிப்பெண். ஆனால் உயிர் வாழ்ந்த காலத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதே நோயாளிகளில் தாடை கெட்டவர்கள் டெனோசுமாபில் 52 பேர், நூற்றுக்கு 1.8. ஜோலெட்ரானிக் ஆசிடில் 37 பேர், நூற்றுக்கு 1.3. புள்ளியியல் கணக்கில் இது சமம் என்றே கொள்ளப்படுகிறது.

ஜோலெட்ரானிக் ஆசிட்: பழைய குதிரை

பெரிய சாதகம் விலை. அமெரிக்காவில் 2013இல் காப்புரிமை முடிந்தது. டெனோசுமாபோடு ஒப்பிட்டால் ஒரு டோஸ் பல மடங்கு மலிவு. குறை என்னவென்றால் இது சிறுநீரகம் வழியாக மட்டுமே வெளியேறும் மருந்து. ஒவ்வொரு டோஸுக்கு முன்பும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்தாக வேண்டும். வெறும் கிரியாட்டினின் எண் போதாது; வயது, எடை சேர்த்துக் கணக்கிடும் கிரியாட்டினின் கிளியரன்ஸ்தான் அளவைத் தீர்மானிக்கிறது. அது நிமிடத்துக்கு 60 மி.லி.க்கு மேல் இருந்தால் முழு 4 மி.கி. 50 முதல் 60 வரை என்றால் 3.5. 40 முதல் 49 வரை 3.3. 30 முதல் 39 வரை 3 மி.கி. 30க்குக் கீழே இந்த மருந்தே வேண்டாம். 5 மி.லி. குப்பியில் 4 மி.கி. இருக்கும் வகையில், இந்தக் குறைத்த மூன்று அளவுகளுக்கு முறையே 4.4, 4.1, 3.8 மி.லி. எடுக்க வேண்டும். எடுத்ததை 100 மி.லி. சாதா சலைனிலோ 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸிலோ கலக்கிறார்கள். ரிங்கர் லாக்டேட் கூடாது. அதில் கால்சியம் இருக்கிறது, மருந்து அதோடு ஒட்டிக்கொள்ளும்.

ஏற்றும் நேரம் 15 நிமிடத்துக்குக் குறையவே கூடாது. ஆரம்பகால ஆய்வுகளில் 5 நிமிடத்தில் ஏற்றினார்கள், ஒரு பிரிவுக்கு 8 மி.கி. கொடுத்தார்கள். சிறுநீரகங்கள் அடிவாங்கியதால் நேரத்தை நீட்டி, அளவை 4 மி.கி.க்கு இறக்கினார்கள். கூட்டம் அதிகமுள்ள நாளில் டிரிப்ஸை வேகமாகத் திறந்துவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. கூட இருப்பவர் கடிகாரத்தைப் பார்ப்பதில் தப்பே இல்லை. அன்று காலை தண்ணீர் நன்றாகக் குடித்திருக்க வேண்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் மாதிரியான வலி மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் சேர்க்கக் கூடாது.

முதல் டோஸுக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம். பாரசிட்டமால் போதும், அடுத்த டோஸில் பெரும்பாலும் வராது. ஆனால் கீமோவும் ஓடிக்கொண்டிருப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் 'ஊசிக் காய்ச்சல்தான்' என்று வீட்டில் படுத்துக்கொள்ளக் கூடாது. வெள்ளை அணுக்கள் குறைந்து வரும் காய்ச்சலும் இதே மாதிரிதான் தொடங்கும்.

டெனோசுமாப்: வசதியான புதுசு

நரம்பு தேட வேண்டாம், டிரிப்ஸ் வேண்டாம். மேல்கை, தொடை, வயிறு, எங்காவது ஒரு குத்து. வெளியேறச் சிறுநீரகம் தேவையில்லை. பெட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறையவிடக் கூடாது, குலுக்கக் கூடாது. போடுவதற்கு 15 முதல் 30 நிமிடம் முன்பு வெளியே எடுத்து, தானாகக் குளிர் விடட்டும் என்று வைக்க வேண்டும். சுடுதண்ணீரில் போட்டுச் சூடாக்கினால் மருந்து கெடும். வெளியூரிலிருந்து வாங்கிவருபவர்கள் ஐஸ் பெட்டியில் கொண்டுவருவது சரிதான், ஆனால் குப்பி ஐஸில் நேரடியாக ஒட்டியிருக்கக் கூடாது.

இதன் பலவீனம் கால்சியம் சரிவு. அதே மூன்று ஆய்வுகளில் டெனோசுமாபில் நூற்றுக்கு 9.6 பேருக்கும், ஜோலெட்ரானிக் ஆசிடில் 5 பேருக்கும் ரத்தக் கால்சியம் இறங்கியது. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். 'கிட்னிக்கு நல்லது' என்று சொல்லி எழுதப்படும் ஊசிக்கு அதே கிட்னி நோயாளியிடம்தான் கூடுதல் கண்காணிப்பு வேண்டியிருக்கிறது என்பது இந்த மருந்தின் வேடிக்கை. முதல் டோஸுக்கு முன் கால்சியம், வைட்டமின் டி பார்த்து, குறைவென்றால் சரிசெய்த பிறகே தொடங்க வேண்டும். உதட்டைச் சுற்றி மதமதப்பு, விரல்கள் இழுத்துக்கொள்வது வந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை. கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் இந்த ஊசியின் ஒரு பாகம். விருப்பப்பட்டால் போடுவது என்று வைத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொரு சிக்கல் நிறுத்தும்போது தெரிகிறது. ஜோலெட்ரானிக் ஆசிட் எலும்போடு ஒட்டி வருடக்கணக்கில் தங்கும். டெனோசுமாப் சில மாதங்களில் உடம்பை விட்டுப் போய்விடும். அடக்கி வைத்திருந்த செல்கள் ஒரேயடியாகக் கிளம்பி, முதுகெலும்புகள் அடுத்தடுத்து நசுங்குவது பதிவாகியிருக்கிறது. காசு தட்டுப்பாட்டால் பாதியில் நிறுத்தும் சாத்தியம் உள்ள குடும்பத்துக்கு இது முக்கியமான தகவல். நிறுத்துவதானால் மருத்துவரிடம் சொல்லி, மாற்று ஏற்பாட்டோடு நிறுத்த வேண்டும்.

தாடை

'பல் பிடுங்கின இடம் ஆறவே மாட்டேங்குது.' 'நாக்குல ஏதோ முள்ளு மாதிரி குத்துது.' பெரும்பாலும் இந்த இரண்டு வாக்கியங்களில் ஒன்றோடுதான் இந்தப் பிரச்சினை பல் மருத்துவரிடம் வந்துசேர்கிறது. ஈறு விலகி, உள்ளே மஞ்சளும் சாம்பலுமாக எலும்பு தெரியும். தொட்டால் வலிக்காமலும் இருக்கலாம், ஏனென்றால் அந்த எலும்பில் உயிர் இல்லை. கிருமி ஏறிய பிறகுதான் வலி, சீழ், நாற்றம் எல்லாம். எலும்பு வெளியே தெரிய வேண்டும், அல்லது ஈறிலோ முகத்திலோ உள்ள ஓட்டை வழியாக ஆய்வுக் கம்பி எலும்பைத் தொட வேண்டும். அது 8 வாரத்துக்கு மேல் நீடிக்க வேண்டும். இந்த வகை மருந்து எடுத்திருக்க வேண்டும். தாடைக்குக் கதிர்வீச்சு போயிருக்கக் கூடாது, தாடைக்கே புற்று பரவியிருக்கக் கூடாது. இத்தனையும் பொருந்தினால்தான் இந்த நோய் என்று பெயர் வைக்கிறார்கள். வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தவரின் தாடை பட்டுப்போவது வேறு நோய், அதன் வைத்தியமும் வேறு.

2003இல் மயாமி பல்கலைக்கழகத்தின் ராபர்ட் மார்க்ஸ், ஜோலெட்ரானிக் ஆசிடும் அதே வகைப் பழைய மருந்தான பாமிட்ரோனேட்டும் எடுத்த 36 பேரின் தாடைகளைப் பற்றி எழுதினார். அப்போதுதான் மருத்துவ உலகம் விழித்தது. ஆனால் இந்த முகம் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைப் பாஸ்பரஸில் தீக்குச்சி செய்த தொழிலாளர்களுக்கு இதே மாதிரி தாடை அழுகியது. 1888இல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது இந்த நோயும் பேசப்பட்டது. 1906இல் பெர்ன் நகர ஒப்பந்தம் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்தது. ஜோலெட்ரானிக் ஆசிட் வகையிலும் பாஸ்பரஸ் உண்டு என்பதால் முதலில் அந்தத் திசையில்தான் சந்தேகம் போனது. பாஸ்பரஸ் வாசனையே இல்லாத, வெறும் ஆன்டிபாடியான (எதிர்ப்புப் புரதமான) டெனோசுமாபும் அதே தாடையைக் கெடுத்தபோது காரணம் வேறென்று புரிந்தது: அரிக்கும் செல்களை அடக்குவதுதான் சிக்கல். 2014இல் நோயின் ஆங்கிலப் பெயரையே 'மருந்தால் வரும் தாடை எலும்புச் சாவு' என்ற பொருள்படப் பொதுவாக மாற்றினார்கள்.

ஏன் தாடை மட்டும்? உடம்பின் மற்ற எலும்புகளைவிடப் பல்லைத் தாங்கும் எலும்பு வேகமாகப் பழசை அரித்துப் புதுசு போடுகிறது. மெல்லும் அழுத்தத்தில் ஓயாமல் பழுதாகி, ஓயாமல் செப்பனிடப்படுகிறது. செப்பனிடுபவர்களை நிறுத்திவிட்டால் முதலில் பாதிக்கப்படுவது அங்கேதான். கூடவே, தோலைத் துளைத்துக்கொண்டு எலும்பிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்பு பல் ஒன்றுதான். ஈறு ஓரத்தில் சீழ் பிடித்தால் கிருமி நேராக எலும்புக்குப் போகும். மேலே மூடியிருக்கும் சவ்வும் மெல்லியது. பாதிப்பில் சுமார் முக்கால் பங்கு கீழ்த்தாடையில். அதிலும் கடைவாய்ப் பல்லுக்கு உள்பக்கம், நாக்கு உரசும் மேட்டில், சவ்வு காகிதம் மாதிரி இருக்கும் இடத்தில் அதிகம்.

பல் பிடுங்கியதுதான் காரணம் என்று எல்லோரும் அந்தப் பல் மருத்துவரைத் திட்டுவார்கள். மேலே சொன்ன மூன்று ஆய்வுகளில் தாடை கெட்டவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் முன்பு பல் பிடுங்கியவர்கள் என்பது உண்மைதான். ஆனால் நல்ல பல்லை யாரும் பிடுங்குவதில்லை. ஆடி, சீழ் வைத்து, எலும்பு ஏற்கெனவே கெடத் தொடங்கிய இடத்தில்தான் பிடுங்குகிறார்கள். குற்றவாளி பல நேரம் பல் எடுத்தது அல்ல, அதற்கு முன்பே குடியிருந்த தொற்று.

முதல் டோஸுக்கு முன்

எங்கள் பார்வையில் இந்த மருந்துகளோடு இலவச இணைப்பாகக் கொடுக்க வேண்டியது ஒரு பல் பரிசோதனை. இத்தாலியில் மிலான் நகரத் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் இப்படி முன்கூட்டியே பல் பார்க்கும் முறையைக் கொண்டுவந்த பிறகு தாடைப் பாதிப்பு நூற்றுக்கு 3.2இலிருந்து 1.3 ஆக இறங்கியது. மருந்தை மாற்றவில்லை, அளவைக் குறைக்கவில்லை.

பல் மருத்துவரிடம் போகும்போது 'பல் செக்கப்' என்று மொட்டையாகச் சொன்னால் போதாது. 'எலும்புக்குப் பரவிய புற்றுநோய், இந்த ஊசி தொடங்கப்போகிறார்கள், தொடங்கிவிட்டால் பல் எடுக்க முடியாது' என்று சொல்ல வேண்டும். முழுத் தாடையும் தெரியும் ஓபிஜி எக்ஸ்ரே ஒன்று. சந்தேகப் பல்லுக்குச் சின்ன எக்ஸ்ரே. பிறகு ஒவ்வொரு பல்லுக்கும் தீர்ப்பு: இது வருடக்கணக்கில் நிற்குமா, நிற்காதா? நிற்காத பல், வேர் மட்டும் மிச்சமிருக்கும் பல், சீழ் கட்டிய பல், பாதி முளைத்து அடிக்கடி வீங்கும் ஞானப்பல், இவை இப்போதே போக வேண்டும். சொத்தையை அடைப்பது, ரூட் கெனால், ஈறு சுத்தம் ஆகியவையும் இதே சமயத்தில். பல் எடுத்த குழி மேலே சவ்வு மூட 14 முதல் 21 நாள் ஆகும். அதுவரை முதல் ஊசியைத் தள்ளிவைக்க முடியுமா என்பதைப் புற்றுநோய் மருத்துவர் சொல்வார். ரத்தக் கால்சியம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருந்தாலோ, தண்டுவடம் நசுங்கும் நிலையில் இருந்தாலோ காத்திருக்க நேரமில்லை. மற்றவர்களுக்கு மூன்று வாரம் பெரும்பாலும் கிடைக்கும்.

பல் செட் போட்டிருப்பவர்கள் 'எனக்குத்தான் பல்லே இல்லையே' என்று இந்தப் பரிசோதனையைத் தவிர்ப்பார்கள். அவர்களுக்குத்தான் அவசியம். செட்டு உரசிய புண் வழியாகவே எலும்பு வெளியே வந்துவிடும். அழுத்தும் இடத்தைத் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும், தேவையானால் அடியில் மென்மையான லைனிங் போட வேண்டும், இரவில் கழற்றித் தண்ணீரில் வைக்க வேண்டும். புதிதாக இம்பிளான்ட் வைக்கும் யோசனை இருந்தால் கைவிட்டுவிடலாம்.

புகை பிடிப்பவர்களுக்கு ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பு என்று அமெரிக்காவில் 3,491 நோயாளிகளை மூன்று வருடம் பின்தொடர்ந்த ஆய்வு சொன்னது. ஸ்டீராய்டு, சர்க்கரை நோய், பெவாசிசுமாப், சுனிடினிப் மாதிரி ரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்துகள் சேர்ந்தாலும் ஆபத்து கூடும்.

ஊசி ஓடிக்கொண்டிருக்கும்போது பல் வலித்தால்

இங்கேதான் அதிகத் தவறுகள் நடக்கின்றன. ஒரு பக்கம், மருந்தைப் பற்றிச் சொல்லாமல் போய்ப் பல்லை எடுத்துவிட்டு வருகிறார்கள். இன்னொரு பக்கம், மருந்தின் பெயரைக் கேட்டதும் பல் மருத்துவர் வாயையே தொடாமல் ஆன்டிபயாடிக் எழுதி அனுப்பிவிடுகிறார். இரண்டாவதும் கெடுதல்தான். தொற்று உள்ளேயே இருந்து எலும்பைத் தின்னும்.

நடுவழி உண்டு. பல் சுத்தம், சொத்தை அடைப்பு, ரூட் கெனால் எல்லாம் தாராளமாகச் செய்யலாம். எடுக்க வேண்டிய பல்லாகவே இருந்தாலும், முடிந்தால் ரூட் கெனால் செய்து, தலைப்பகுதியை ஈறு மட்டத்துக்கு வெட்டி, வேரை அப்படியே விட்டு மேலே அடைத்துவிடுவார்கள். அழகில்லை, ஆனால் எலும்பைத் திறக்காத வழி. ஆடும் பல்லை அளவாகக் கம்பி கட்டி நிறுத்தலாம். ஆட்டம் மிக அதிகமாகி, சீழும் இருந்தால் எடுத்துத்தான் ஆக வேண்டும். அப்போது தாடை அறுவை நிபுணரிடம் போவது நல்லது: முன்பும் பின்பும் ஆன்டிபயாடிக், கிருமி கொல்லும் குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு, முடிந்தவரை எலும்பை நசுக்காமல் எடுத்தல், கூரான எலும்பு விளிம்புகளைத் தேய்த்தல், ஈறை இழுத்துத் தையல் போட்டு முழுவதும் மூடுதல். பிறகு 8 வாரம்வரை அடிக்கடி பார்க்க வேண்டும்.

'பல் எடுக்க ஊசியை இரண்டு மாதம் நிறுத்தலாமா' என்ற கேள்விக்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட பதில் இல்லை. ஜோலெட்ரானிக் ஆசிட் எலும்பில் வருடக்கணக்கில் இருப்பதால், இரண்டு மாதம் நிறுத்துவதால் அங்கே பெரிதாக எதுவும் மாறாது என்பது எங்கள் எண்ணம். டெனோசுமாபில் நிறுத்துவதற்கு அர்த்தம் கொஞ்சம் உண்டு, கூடவே முதுகெலும்பு ஆபத்தும் உண்டு. அதேபோல, எலும்பு எவ்வளவு அரிபடுகிறது என்று காட்டும் சிடிஎக்ஸை ரத்தத்தில் பார்த்து 'இந்த எண் இருந்தால் பல் எடுக்கலாம்' என்று சொல்லும் லேப் பரிசோதனைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். யாருக்குத் தாடை கெடும் என்பதை அது கணித்துச் சொல்வதில்லை.

எலும்பு வெளியே வந்துவிட்டால்

எலும்பு தெரிகிறது, வலியில்லை, சீழில்லை என்றால் முதல் நிலை. குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு, சுத்தம், கண்காணிப்பு. வலியும் சீழும் சேர்ந்தால் இரண்டாம் நிலை: அதோடு ஆன்டிபயாடிக். அமாக்சிசிலின் வகை வழக்கமானது. பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்கு வேறு உண்டு. மூன்றாம் நிலை என்றால் எலும்புச் சாவு தாடையின் கீழ்விளிம்புவரை போயிருக்கும், தாடை முறிந்திருக்கும், கன்னத்திலோ முகவாயிலோ ஓட்டை விழுந்து சீழ் வழியும், அல்லது மேல்தாடையில் சைனஸுக்கு வழி திறந்து, குடித்த தண்ணீர் மூக்கில் வரும். இதற்கெல்லாம் முன்பாக ஒரு பூஜ்ய நிலையும் உண்டு: எலும்பு தெரியாது, ஆனால் பல்லில் காரணமில்லாமல் தாடை வலிக்கும், பல் ஆடும். கீழ் உதடு மரத்துப்போனால் இந்த நோயும் இருக்கலாம், தாடைக்குப் புற்று பரவியதும் இருக்கலாம். ஸ்கேன் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது.

முன்பெல்லாம் 'தொடாதே, பார்த்துக்கொண்டிரு' என்பதுதான் வழக்கம். இப்போது அந்த அச்சம் குறைந்திருக்கிறது. செத்த எலும்பை ஆரோக்கியமான, ரத்தம் கசியும் எலும்புவரை எடுத்து, ஓரங்களைத் தேய்த்து, மேலே இறுக்கமில்லாமல் மூடினால் எந்த நிலையிலும் நல்ல பலன் கிடைக்கிறது என்று அமெரிக்கத் தாடை அறுவை சங்கத்தின் 2022 அறிக்கையே சொல்கிறது. தானாகக் கழன்றுவரும் எலும்புத் துண்டை நீக்காமல் வைத்திருப்பதால் லாபமே இல்லை. ரத்த ஓட்டத்துக்கான பென்டாக்ஸிஃபில்லின் மாத்திரையோடு வைட்டமின் ஈ, நோயாளியின் ரத்தத்திலிருந்தே எடுக்கும் பிளேட்லெட் ஜவ்வு ஆகியவற்றையும் துணைக்குப் பயன்படுத்துகிறார்கள். அவற்றையே வைத்தியம் என்று விற்பவர்களிடம் எச்சரிக்கை. தேய்மான நோயாளிகளின் தாடைக்குச் சில இடங்களில் கொடுக்கும், எலும்பை வளர்க்கும் ஊசியான டெரிபாரடைட், எலும்புக்குப் புற்று பரவியவர்களுக்குக் கூடாது. வலைத்தளத்தில் படித்துவிட்டு அதைக் கேட்பவர்கள் உண்டு, அதனால் சொல்கிறோம்.

எத்தனை வாரத்துக்கு ஒருமுறை

ஜோலெட்ரானிக் ஆசிடை 4 வாரத்துக்கு ஒருமுறை போடுவது பழைய பழக்கம். 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 1,822 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 4 வாரத்துக்கும், இன்னொரு பாதிக்கு 12 வாரத்துக்கும் ஒருமுறை போட்டார்கள். இரண்டு வருடத்தில் எலும்புச் சேதம் முதல் பிரிவில் நூற்றுக்கு 29.5, இரண்டாவதில் 28.6. தாடை கெட்டவர்கள் 18 பேர், 9 பேர். மேலே சொன்ன 3,491 பேர் ஆய்விலும் 5 வாரத்துக்குக் குறைந்த இடைவெளியில் போட்டவர்களுக்கு நூற்றுக்கு 3.2, அதற்கு மேல் இடைவெளி விட்டவர்களுக்கு 0.7. பலன் சமம், தாடைப் பாதிப்பு குறைவு, செலவு மூன்றில் ஒன்று, மருத்துவமனை அலைச்சல் மூன்றில் ஒன்று. இதற்குப் பிறகும் காரணம் சொல்லாமல் எல்லோருக்கும் மாதாமாதம் எழுதும் சீட்டு ஏன் என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. ரத்தக் கால்சியம் ஏறிக் கிடப்பவர், எலும்பு நோய் கட்டுக்கு அடங்காதவர் போன்றோருக்கு மாதாமாதம் தேவைப்படலாம். அப்போது மருத்துவர் காரணம் சொல்வார்.

டெனோசுமாப் எலும்புக்குப் பரவாத நிலையில் எழுதப்பட்டால் இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும். ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு, எலும்புக்குப் பரவாமல் தடுக்கிறதா என்று பார்க்க நடத்திய பெரிய ஆய்வில் அது தடுக்கவில்லை. தாடை மட்டும் நூற்றுக்கு 5 பேருக்குக் கெட்டது. அதே ஆரம்பநிலையில் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் ஜோலெட்ரானிக் ஆசிட் வேறு கதை. அங்கே பலன் உண்டு, இடைவெளி பெரிது என்பதால் தாடை ஆபத்தும் குறைவு.

யாருக்கு எது

சிறுநீரகம் நன்றாக இருந்து, ஊசிக் காய்ச்சலைத் தாங்க முடிந்தால், 12 வாரத்துக்கு ஒருமுறை ஜோலெட்ரானிக் ஆசிட். காசுக்கும் தாடைக்கும் சேர்த்துப் பார்த்தால் எங்கள் ஓட்டு இதற்கே. ஐந்துக்கு நான்கு. கிரியாட்டினின் கிளியரன்ஸ் சரிந்தவர், நரம்பு கிடைக்காதவர், மைலோமாவில் சிறுநீரகம் அடிபட்டவர் ஆகியோருக்கு டெனோசுமாப்; கால்சியத்தை விடாமல் கண்காணிக்க ஆள் இருக்க வேண்டும், பாதியில் நிற்காமல் வாங்கக் காசு இருக்க வேண்டும். மூன்றரை. இந்த மதிப்பெண்கள் எல்லாம் பல் பார்த்த பிறகு தொடங்கியவர்களுக்கு. பல் பார்க்காமல் தொடங்கியாகிவிட்டது என்றால் அடுத்த டோஸுக்கு முன்பாவது பார்த்துவிடலாம். ஜோலெட்ரானிக் ஆசிட் எடுத்த அந்த 3,491 பேர் ஆய்வில் முதல் வருடத்தில் தாடை ஆபத்து நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே. மூன்றாம் வருட முடிவில்தான் அது 2.8க்கு ஏறுகிறது.

அதன் பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவர். ஊசி போட்ட தேதிகளையும் மருந்தின் பெயரையும் ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ள வேண்டும். ஊசியை நிறுத்தி ஐந்து வருடம் ஆன பிறகு பல் எடுக்கப் போனாலும் அந்த அட்டையைக் காட்ட வேண்டும்.